குழாய் எந்தத் தெருவில் முடிகிறது? ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடமும் வெளிநாட்டு நிதித் திட்டமிடலும்

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் எனச் சிப்காட் தொழிற்பூங்காக்கள் நிறைந்த இந்தத் தடத்தில் தண்ணீர் குறித்த திட்ட ஆவணங்களைப் படிப்பவர் இரண்டு அலகுகளையே பெரும்பாலும் காண்பார். ஒன்று தொழிற்பூங்கா, மற்றொன்று ஊராட்சி. பூங்காவுக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர், ஊராட்சிக்கு எத்தனை இணைப்பு என்று கணக்குகள் ஓடும். ஊராட்சிக்குள் ஊர் என்றும் சேரி என்றும் இரண்டு குடியிருப்புகள் இருப்பதும், அவற்றுக்குத் தனித்தனி மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள் இருப்பதும், இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் தண்ணீர் ஏறுவதில்லை என்பதும் அந்த அலகுகளில் பதிவாவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஒரு தனித்தொகுதி. பட்டியல் சாதி மக்கள் அடர்ந்து வாழும் இப்பகுதியில்தான் 1990களின் பிற்பகுதியிலிருந்து ஹூண்டாய், நோக்கியா, ஃபாக்ஸ்கான், ரெனோ–நிசான் என்று உலக நிறுவனங்கள் அடுத்தடுத்து வந்தன. அவற்றுக்குப் பின்னாலேயே வெளிநாட்டு நிதியும் வந்தது.

அந்த நிதி எப்படித் திட்டமிடப்படுகிறது, எந்தக் கட்டத்தில் தலித் மக்கள் கணக்கிலிருந்து விடுபடுகிறார்கள், எந்தக் கட்டத்தில் சட்டப்படி தலையிட முடியும் என்பதைக் களத்தில் பணியாற்றும் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் வகையில் தொகுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உதவி என்று அழைக்கப்படும் கடன்

'வெளிநாட்டு உதவி' என்ற சொல் நம்மிடையே ஒரு தவறான சித்திரத்தை உருவாக்கியுள்ளது. கப்பலில் வந்த கோதுமையும் பால் பவுடரும் நம் பெற்றோர் தலைமுறையின் நினைவில் இன்னும் இருக்கின்றன. இன்று தமிழ்நாட்டுக்கு வரும் பணத்தில் மிகப் பெரும்பகுதி நன்கொடை அன்று, கடன். பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பின் வளர்ச்சி உதவிக் குழு 1969இல் வகுத்த 'அலுவல்சார் வளர்ச்சி உதவி' என்ற வரையறையே குறைந்த வட்டிக் கடனையும் உதவி என எண்ண இடம் தருகிறது. பணக்கார நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவியாக அளிக்க வேண்டும் என 1970இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இலக்கு வைத்தது. மிகச் சில நாடுகளே அதை எட்டியுள்ளன.

இந்தியாவுக்குக் கடன் தரும் நாடுகளில் முதலிடம் ஜப்பானுக்கு. ஜப்பான் தன் வரலாற்றில் வழங்கிய முதல் யென் கடனே 1958இல் இந்தியாவுக்குத்தான். அக்கடன்கள் இன்று ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை, அதாவது ஜைக்கா வழியாக வருகின்றன. ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கி, உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவை அடுத்து வருபவை.

மாநில அரசு நேரடியாக வெளிநாட்டிடம் கடன் வாங்க முடியாது. திட்டம் ஒன்றிய நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை வழியாகச் செல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது ஒன்றிய அரசு. ஆனால் பன்னிரண்டாம் நிதிக்குழுவின் பரிந்துரைப்படி 2005 முதல், தமிழ்நாடு போன்ற பொதுப் பிரிவு மாநிலங்களுக்குக் கடன் எந்த நிபந்தனையில் வந்ததோ அதே நிபந்தனையில் கைமாற்றப்படுகிறது. யென் மதிப்பு ஏறினாலும் டாலர் மதிப்பு ஏறினாலும் அந்தச் சுமை மாநிலத்தின் தலையில். ஆகவே இது யாரோ ஒருவர் நமக்கு இரங்கித் தரும் பணமன்று. வரி செலுத்தும் ஒவ்வொருவரும், ஒரகடத்தில் டீ குடிக்கும் ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, திருப்பிச் செலுத்தப் போகும் பணம். 'கொடுப்பவரிடம் உரிமை பேசலாமா' என்ற தயக்கம் நம் இயக்கங்களுக்குள்ளேயே உண்டு. அதற்கு இங்கே இடமில்லை.

அரசியல் காற்று மாறினால் இந்தப் பணம் நிற்கும் என்பதையும் மறக்கலாகாது. 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின் ஜப்பான் புதிய கடன்களை நிறுத்தியது. 2001இல்தான் அந்தத் தடை நீங்கியது. 2003இல் இந்திய அரசே சிறிய நாடுகளின் அரசு உதவி வேண்டாம் என்று அறிவித்தது. பிரிட்டன் தன் நன்கொடை உதவியை 2015 உடன் முடித்துக்கொண்டது. 2025இல் அமெரிக்கா தன் வளர்ச்சி உதவி முகமையையே கலைத்தது.

செங்கல்பட்டுச் சீமையின் பழைய கணக்கு

இந்த மண்ணில் வெளிநாட்டுப் பணமும் தலித் மக்களின் தண்ணீரும் பள்ளியும் சந்தித்தது இது முதல் தடவையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆதாம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி முதலியோர் பள்ளிகளை நடத்தினர்; தலித் மக்களுக்கு நிலம் வேண்டும் என்றும் வாதாடினர். சிங்கப்பெருமாள்கோவில் அருகேயுள்ள மெல்ரோசாபுரம் அவ்வாறு உருவான குடியேற்றம். மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டின் பறையர் நிலை பற்றி அளித்த குறிப்பும், அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணையும் பஞ்சமி நிலத்துக்கு அடித்தளமிட்டன. 1994இல் காரணைப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியானதும் இந்த வரலாற்றின் தொடர்ச்சியே.

மிஷன் பள்ளிகளுக்கு அடுத்து வந்தது அரசின் தொழிலாளர் துறை. 1919–20இல் சென்னை மாகாணத்தில் ஏற்படுத்தப்பட்ட அத்துறை 'லேபர் ஸ்கூல்' எனப்பட்ட பள்ளிகளைத் திறந்தது, பொதுக்கிணறு மறுக்கப்பட்டவர்களுக்குத் தனிக் கிணறுகளை வெட்டியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது. கிணற்றைப் பற்றி மட்டும் ஒரு சொல். தனிக் கிணறு தாகத்தைத் தீர்த்தது. பொதுக்கிணற்றின் மீதான உரிமையை அது தீர்க்கவில்லை. இன்றைய தனி மேல்நிலைத் தொட்டி அந்தத் தனிக் கிணற்றின் நேர் வாரிசு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் மலம் கலக்கப்பட்டது தலித் குடியிருப்புக்கான தொட்டியில் என்பதை நினைவிற் கொண்டால், தனித் தொட்டி என்ற 'தீர்வு' எவ்வளவு பாதுகாப்பற்றது என்பது விளங்கும். அவ்வழக்கில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை தாக்கலானதும், அதை அம்மக்களும் இயக்கங்களும் ஏற்க மறுத்ததும் அனைவரும் அறிந்தவை.

கோயம்பேட்டிலிருந்து ஒரகடம் வரை

2013 நவம்பரில் ஜைக்கா 'தமிழ்நாடு முதலீட்டு ஊக்குவிப்புத் திட்டம்' என்ற பெயரில் 1,300 கோடி யென் வரையிலான கடனுக்கு ஒப்பந்தமிட்டது. பின்னர் இரண்டாம் கட்டமும் வந்தது. இதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். வழக்கமான கடனில் ஒரு பாலமோ அணையோ குறிப்பிடப்படும்; அதற்குச் செலவானதைக் காட்டிப் பணம் பெறலாம். இதுவோ கொள்கை சார்ந்த கடன். முதலீட்டாளர்களுக்கான ஒப்புதல்களை விரைவாக்குதல், நிலம் கிடைக்கச் செய்தல், சாலை–மின்சாரம்–தண்ணீர் வசதிகளை மேம்படுத்துதல் முதலிய நடவடிக்கைகள் ஓர் அட்டவணையாக ஒப்புக்கொள்ளப்படும். மாநிலம் அவற்றை நிறைவேற்றினால் பணம் விடுவிக்கப்படும். அட்டவணையில் எது எழுதப்படுகிறதோ அதுவே அரசு இயந்திரத்தின் அவசரமாக மாறுகிறது. எழுதப்படாதது காத்திருக்கும்.

இத்திட்ட நிதியைக் கொண்டு அமைக்கப்பட்டவற்றுள் ஒன்று கோயம்பேட்டிலுள்ள மூன்றாம் நிலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். சென்னையின் கழிவுநீரை எதிர்சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை, நீண்ட குழாய் வழியே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பகுதித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் திறன் கொண்டது அது.

இதை நான் குறை சொல்லப் போவதில்லை. தொழிற்சாலை குடிநீரைக் குடிக்காமல் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துவது சுற்றுச்சூழல் நோக்கிலும் நீதி நோக்கிலும் சரியானதே. இத்தடத்தின் அருகிலேயே 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. அதன் நீர் சென்னைக்குப் போகிறது. தொழிற்சாலைகளும் அதையே கேட்டிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும்.

என் கேள்வி வேறு. தொழிற்சாலைக்குச் சுத்திகரிக்கப்பட்ட நீர் போவதால் ஏரியிலும் நிலத்தடியிலும் மிச்சமாகும் நன்னீர் யாருடையது? ஒரு முதலீட்டு ஊக்குவிப்புத் திட்டத்தின் வெற்றியை அளக்கும் குறியீடுகள் முதலீடு, வேலைவாய்ப்பு, வழங்கப்பட்ட நீரின் அளவு என்ற வரிசையில்தான் அமையும். குழாய் கடந்து செல்லும் குடியிருப்புகளில் எத்தனை வீட்டில் குடிநீர் கூடியது என்பது அந்த வரிசையில் இடம்பெற வேண்டுமானால், திட்டம் எழுதப்படும்போதே யாராவது அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கான வாய்ப்பு சட்டத்தில் எவ்வளவு குறைவு என்பதைப் பாருங்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் தொழிற்பேட்டைகள் உண்டு, குடிநீர்க் குழாய்த் திட்டம் இல்லை. ஆகவே குழாய்க்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமன்று. தொழிற்பூங்காவுக்கான நிலத்தைத் தமிழ்நாடு அரசு 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எடுக்கிறது. 2013ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டம் கட்டாயமாக்கிய சமூகத் தாக்க மதிப்பீடு அதற்குப் பொருந்தாது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் அந்த விலக்கைச் செல்லாததாக்கியது. மாநிலம் உடனே புதுச்சட்டம் இயற்றிப் பழைய சட்டங்களுக்கு உயிரூட்டியது. உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் அதை ஏற்றது. நிலமுள்ளவர் இழப்பீட்டையாவது பெறுவார். அந்த நிலத்தில் கூலிக்கு நட்டும் அறுத்தும் வாழ்ந்த தலித் குடும்பத்தை 'பாதிக்கப்பட்டவர்' என்று எழுதியிருக்கக்கூடிய ஒரே ஆவணம் அந்தச் சமூகத் தாக்க மதிப்பீடுதான்.

கடன் தருபவரின் விதிகளிலும் இதே ஓட்டை இருக்கிறது. ஆசிய வளர்ச்சி வங்கியின் 2009ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் கொள்கை சுற்றுச்சூழல், கட்டாய மறுகுடியமர்வு, பூர்வகுடி மக்கள் என்னும் மூன்றைக் கொண்டது. 2018 முதல் நடைமுறையிலுள்ள உலக வங்கிச் சட்டகத்திலும் பூர்வகுடிகளுக்கெனத் தனித் தரநிலை உண்டு. இந்தியாவில் இது பட்டியல் பழங்குடியினரைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. பட்டியல் சாதியினருக்கு இணையான தனித் தரநிலை எதுவும் இல்லை. அவர்கள் 'நலிந்த பிரிவினர்' என்ற பொதுச்சொல்லுக்குள் பெண்கள், முதியோர், ஏழைகள் ஆகியோருடன் சேர்க்கப்படுகிறார்கள். ஜைக்காவின் வழிகாட்டு நெறிகளும் நலிந்த சமூகக் குழுக்கள் என்ற சொல்லோடு நின்றுவிடுகின்றன. ஏழை என்பதால் ஒருவருக்குத் தெருக்குழாய் மறுக்கப்படுவதில்லை, சாதியால் மறுக்கப்படுகிறது. இந்த வேறுபாட்டைப் பொதுச்சொல் விழுங்கிவிடுகிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் இருளர் மக்கள் வாழ்வதால் பூர்வகுடித் தரநிலையை இப்பகுதியில் எழுப்ப முடியும். இருளர் அமைப்புகளும் தலித் அமைப்புகளும் சேர்ந்து மனு அளிப்பதன் நடைமுறைப் பயன் இதுவே.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்கத்தக்கதே. ஆனால் பெயர் நீங்கும்போது கணக்கும் நீங்கிவிடலாகாது. குடியிருப்பு வாரியான தண்ணீர்க் கணக்கில் சாதி விவரம் தனிப் பத்தியாகத் தொடர வேண்டும். இல்லாவிட்டால் பாகுபாட்டை நிரூபிக்கும் ஒரே ஆதாரம் நம் கையை விட்டுப் போகும்.

சுனாமி நிவாரணத்தில் நிகழ்ந்தது

மேற்சொன்னது ஊகமா என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பர் 26க்குப் பிந்தைய மாதங்கள் பதில். உலகெங்குமிருந்து நிதி குவிந்தது. உலக வங்கி அவசரச் சுனாமி மறுகட்டமைப்புக்கு 46.5 கோடி டாலரை ஒதுக்கியது. அதே வேளையில் நாகப்பட்டினம் பகுதி முகாம்களில் யூனிசெஃப் வைத்த தண்ணீர்த் தொட்டிகளில்கூடத் தலித் மக்கள் நீர் பிடிக்கத் தடுக்கப்பட்டதாக 2005 ஜனவரியில் செய்திகள் வெளியாயின. யாரும் திட்டமிட்டு அவர்களை விலக்குமாறு ஆணையிடவில்லை. தொட்டியை எங்கே வைப்பது, யாரைக் கேட்டு வைப்பது, பயனாளிப் பட்டியலை யார் எழுதுவது என்ற சிறிய நிர்வாக முடிவுகளிலேயே விலக்கல் நடந்து முடிந்தது. படகு இழந்தவர் பட்டியலில் இடம்பெற்றார். படகில் கூலிக்குச் சென்றவர், மீன் சுமந்தவர், உப்பளத்தில் உழைத்தவர் பட்டியலை எட்டவே மாதங்கள் ஆயின. 'சாதி எங்களுக்குத் தெரியாது, நாங்கள் எல்லோருக்கும் தருகிறோம்' என்ற நடுநிலை அந்த மண்ணில் ஆதிக்கச் சாதிக்குச் சாதகமாகவே முடிந்தது.

கழிவுநீர்: விலைப்பட்டியலில் இல்லாத உழைப்பு

தண்ணீர்க் குழாய்க்கு நிதி தேடுவோர் கழிவுநீரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது வழக்கம். தொழில்தடத்தில் அந்தப் 'பின்னர்' பல்லாண்டுகளாக நீள்கிறது. தொழிலாளர் விடுதிகள், வாடகை அறைகள், சிறு உணவகங்கள், கிடங்குகள் என்று கட்டடங்கள் பெருகின. பாதாளச் சாக்கடை அந்த வேகத்தில் வரவில்லை. எனவே இப்பகுதி பெரும்பாலும் செப்டிக் டேங்கையே நம்பியிருக்கிறது. டேங்க் நிறையும்போது லாரி வரும். லாரியின் குழாய் எட்டாத இடத்தில் மனிதர் இறக்கப்படுவார். 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே தனியார் விடுதி ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய மூன்று தொழிலாளர்கள் நச்சுவாயு தாக்கி இறந்தனர்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2013ஆம் ஆண்டு மனிதக் கழிவுகளை மனிதரே அகற்றும் பணித் தடைச் சட்டம் இதைத் தடை செய்கிறது. சபாய் கர்மாச்சாரி ஆந்தோலன் வழக்கில் 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அது 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவின் கீழ் பட்டியல் சாதியினரை இவ்வேலையில் ஈடுபடுத்துவது தனிக் குற்றம்.

நிதித் திட்டமிடலில் இதன் பொருள் என்ன? கழிப்பறை கட்டுவதற்கு நிதி தரும் எந்தத் திட்டமும் அதன் முழு ஆயுட்காலத்தில் கழிவை யார், எந்த இயந்திரத்தால் அகற்றுவார் என்ற செலவைச் சேர்த்தே மதிப்பிடப்பட வேண்டும். தூய்மை இந்தியா ஊரகத் திட்டத்துக்கு உலக வங்கி 2015இல் 150 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. அடுத்த இரண்டாண்டில், 2017இல், இந்தியா வந்த தண்ணீர் மற்றும் சுகாதார உரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் லியோ ஹெல்லர், கழிப்பறைகளின் எண்ணிக்கையில் காட்டும் முனைப்பு மனித உரிமைகளில் இல்லை என்று விமர்சித்தார். அரசு அதை மறுத்தது. தமிழ்நாட்டில் ஒரு மாற்று முயற்சியும் நடந்துள்ளது. கேட்ஸ் அறக்கட்டளை நிதியுடன் 2015இல் தொடங்கிய நகர்ப்புறச் சுகாதார ஆதரவுத் திட்டம், கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளிலும் திருச்சியிலும் கழிப்பறை முதல் இறுதிச் சுத்திகரிப்பு வரையிலான முழுச் சங்கிலியையும் பார்த்தது. தொழில்தடத்து ஊராட்சிகளுக்கு இத்தகைய பார்வையே தேவை; இவை பெயரளவில் ஊராட்சிகள், மக்கள் நெருக்கத்தில் நகரங்கள்.

விடுதிகளின் நிலையை உலகம் ஒருமுறை பார்த்தது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்று, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. மறியல் நடந்து மூன்றாண்டுக்குள் இவ்வளவு பெரிய கட்டடம் எழ முடிகிறது என்றால், பற்றாக்குறை பணத்தில் இல்லை.

பள்ளி

கல்வியில் வெளிநாட்டு நிதியின் பங்கு இப்போது சுருங்கிவிட்டது. 1990களில் உலக வங்கி உள்ளிட்டோர் நிதியளித்த மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தருமபுரி, கடலூர், திருவண்ணாமலை போன்ற மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. தேர்வுக்கான முதன்மை அளவுகோல் பெண் எழுத்தறிவின் பின்தங்கல். அது நல்ல அளவுகோலே. ஆனால் சென்னையை ஒட்டிய மாவட்டம் சராசரியில் முன்னேறியதாகத் தோன்றுவதால் இத்தகைய தேர்வுகளில் எளிதில் விடுபட்டுப்போகும். அதன் சேரிகளின் எழுத்தறிவு சராசரிக்குள் மறைந்திருக்கும். இன்று ஒரகடத்தைச் சுற்றி ஒடிசா, பீகார், அசாம் மாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகள் வேறு இருக்கிறார்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையுடன் இணைப்பதாக 2023 நிதிநிலை அறிக்கை அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். அப்பள்ளிகளின் நிலத்துக்கும் நிதிக்கும் யார் பொறுப்பு என்று எழுத்தில் உறுதி தராமல் இணைப்பதை என்னாலும் ஏற்க முடியவில்லை.

எந்தக் கட்டத்தில், எந்தச் சட்டத்தில்

முன்பு தலித் அமைப்புகள் வெளிநாட்டு நிதியைத் தாமே பெற்று, சேரியில் ஒரு மாலைநேரப் பள்ளியையோ ஒரு கிணற்றையோ உருவாக்க முடிந்தது. அந்த வாயில் ஏறத்தாழ மூடப்பட்டுவிட்டது. குஜராத்தில் மார்ட்டின் மக்வான் நிறுவிய நவசர்ஜன் அமைப்பின் வெளிநாட்டு நிதிப் பதிவு 2016 டிசம்பரில் இரத்தானது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், நிதி பெற்ற ஓர் அமைப்பு அதை மற்றோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிக்க முடியாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நோயல் ஹார்ப்பர் வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இத்திருத்தங்களை ஏற்றது. கிராம அளவிலான சிறு தலித் குழுக்கள் பெரிய அமைப்புகளின் வழியாகவே நிதி பெற்று வந்தன என்பதால் அடி அவர்கள் மீதே விழுந்தது. அரசு வாங்கும் கடனுக்கு இக்கட்டுப்பாடுகள் எதுவும் இல்லை. எனவே நம் கவனமும் இனி அங்கே திரும்ப வேண்டும்.

தலையிடுவதற்கான மிகச் சிறந்த நேரம் விரிவான திட்ட அறிக்கை தயாராகும் காலம். கடன் கையெழுத்தான பின் குழாயின் பாதையை மாற்றுவது அரிது. அதற்கு முன் ஊராட்சியின் கிராமசபைத் தீர்மானத்துக்குக்கூட மதிப்பு உண்டு. தீர்மானத்தில் 'எங்கள் ஊருக்குத் தண்ணீர் வேண்டும்' என்று எழுதுவதால் பயனில்லை. குடியிருப்பின் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, தொட்டியின் கொள்ளளவு, நீர் ஏற்றப்படும் நேரம், ஊர்ப்பகுதித் தொட்டியின் அதே விவரங்கள் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும்.

அடுத்தது நிதி ஒதுக்கீடு. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கின்படி 20 விழுக்காடு. 2024இல் தமிழ்நாடு தன் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை இயற்றியது. ஆந்திரமும் கர்நாடகமும் 2013லேயே இயற்றியவை. கர்நாடகச் சட்டத்தின் 7(டி) பிரிவு, பொது உள்கட்டமைப்புச் செலவின் ஒரு பகுதியைத் தலித் துணைத்திட்டச் செலவாகக் கருத இடம் கொடுத்தது. அதன் வழியே நிதி திசைமாறுகிறது என்ற நீண்ட எதிர்ப்புக்குப் பின் 2023இல் அப்பிரிவு நீக்கப்பட்டது. வெளிநாட்டுக் கடனில் கட்டப்படும் குழாய்க்கும் சாலைக்கும் இதே தந்திரம் பொருந்தும்: 'எல்லோருக்கும் பொதுவானது, பிரிக்க முடியாது' என்பார்கள். பிரிக்க முடியாதது முதன்மைக் குழாய்தான். கிளைக் குழாயும் தொட்டியும் வீட்டு இணைப்பும் தெருத்தெருவாகப் பிரிக்கக்கூடியவை.

மறுக்கப்பட்ட தண்ணீருக்குக் குற்றவியல் சட்டமும் உண்டு. அரசு நிதியால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றில் சாதித் தடை கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2) கூறு. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு தண்ணீர்க் குழாயையும் பொதுக் கழிப்பிடத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவும் தண்ணீர்க் குழாயைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. குடிநீர் வாரியமும் சிப்காட்டும் அரசமைப்பின் 12ஆம் கூறின்படி 'அரசு' என்ற சொல்லுக்குள் வருவதால் 226ஆம் கூறின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம்.

கடன் தந்தவரை நேரடியாக வழக்குக்கு இழுப்பது கடினம். குஜராத்தின் முந்த்ரா அனல்மின் திட்டத்தால் பாதிக்கப்பட்ட மீனவர்கள் அமெரிக்காவில் தொடர்ந்த வழக்கில், பன்னாட்டு நிதிக் கழகத்துக்கு முழுமையான சட்டப் பாதுகாப்பு இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் கூறியது. ஆனால் கீழ் நீதிமன்றங்கள் பின்னர் வேறு காரணங்களால் வழக்கைத் தள்ளுபடி செய்தன. அதைவிட எளிய வழி நிறுவனங்களின் உள்முறையீட்டு அமைப்புகள். 1993இல் உருவான உலக வங்கியின் ஆய்வுக் குழுவுக்கு, திட்டத்தால் பாதிக்கப்பட்ட இருவர் சேர்ந்தே முறையிடலாம். ஜைக்காவும் தன் நெறிகளை மீறியதாகக் கருதுவோர் ஆட்சேபம் தெரிவிக்க ஒரு நடைமுறையை வைத்திருக்கிறது.

இவை அனைத்துக்கும் முன்தேவை ஆவணம். கடன் ஆவணங்களைக் கேட்டால் தகவல் அலுவலர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(எஃப்) பிரிவைக் காட்டி, அயல்நாட்டு அரசிடமிருந்து இரகசியமாகப் பெற்ற தகவல் என்று மறுப்பதை நான் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். கடன் தரும் முகமையே தன் இணையதளத்தில் வெளியிட்ட ஆவணம் எப்படி இரகசியமாகும் என்று மேல்முறையீட்டில் கேட்டால் அந்த மறுப்பு நிற்பதில்லை. தவிர, 8(2) பிரிவு பொதுநலனை முன்னிறுத்தி விலக்கையும் தாண்ட இடமளிக்கிறது. எனவே முதலில் முகமையின் இணையதளத்திலிருந்து திட்டச் சுருக்கத்தையும் சுற்றுச்சூழல்–சமூக வகைப்பாட்டையும் பதிவிறக்கி, அவற்றை மனுவுடன் இணைப்பது நல்லது.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று காத்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேரூரில், ஜைக்கா கடனுடன், நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 4,276.44 கோடி ரூபாய். அங்கிருந்து போரூர் வரை குழாய் வருகிறது. போரூருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் செம்பரம்பாக்கம். கடல்நீர் சென்னையை எட்டும்போது ஏரியிலிருந்து நகரத்துக்கு எடுக்கப்படும் நீரின் அளவில் எவ்வளவு குறைக்கப்படும், அந்த அளவில் எவ்வளவு ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் ஒன்றியங்களின் குடியிருப்புகளுக்கு ஒதுக்கப்படும், அவற்றில் பட்டியல் சாதிக் குடியிருப்புகள் எவை என்று சென்னைக் குடிநீர் வாரியத்துக்கும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் தனித்தனி மனுக்கள் போட வேண்டும். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் 19(1) பிரிவின் கீழ் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.